84-க்கு 76

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பிரிட்டிஷ் பார்லிமெண்டில் ஒரே தவணை எம்.பி.யாக இருந்துவிட்டுப் போன தாதாபாய் நௌரோஜி அப்படி என்னதான் செய்தார் என்று உன் பேத்தி கேட்டாளாமே, நல்ல கேள்வி.

1892-இல் லண்டன் மத்திய ஃபின்ஸ்பரியில் ஒற்றை இலக்க வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்ததைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அது கிடக்கட்டும். 1893 ஜூன் 2-ஐப் பார்க்கச் சொல்.

இந்தியாவை ஆண்ட உயர் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஐ.சி.எஸ். தேர்வு அப்போது லண்டனில் மட்டும். நம் பையன்கள் கப்பலேறிப் போய் எழுத வேண்டும், தோற்றால் செலவழித்த பணம் கோவிந்தா. இந்தியாவிலும் அதே நேரத்தில் தேர்வு வை என்பது நௌரோஜியின் நெடுநாள் கோரிக்கை. அன்று பிரிட்டிஷ் மக்களவையில் ஹெர்பர்ட் பால் என்ற எம்.பி. அதற்கான தீர்மானத்தை முன்மொழிய, இவர் வழிமொழிந்தார். ஆதரவு 84, எதிர்ப்பு 76. கூட்டினால் 160. சபையில் மொத்தம் 670 பேர்! ஆண்டது இவருடைய லிபரல் கட்சிதான். அந்த அரசே எதிர்த்தும் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

ஆனால் தீர்மானம் சட்டமில்லை, சபையின் அபிப்பிராயம். அரசு அதன்படி நடந்தே தீர வேண்டும் என்பதில்லை. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லவும் இல்லை. லண்டன் இந்திய அரசைக் கேட்டது, இந்திய அரசு மாகாணங்களைக் கேட்டது. சென்னை அரசு ஒன்றுதான் சரி என்றது. மற்ற பதில்களைக் காட்டி 1894-இல் கோப்பை மூடிவிட்டார்கள். ஒரு கோரிக்கையைக் கொல்ல 'கருத்துக் கேட்பு' போல வசதியான ஆயுதம் கிடையாது. கடைசியில் 1922-இல்தான் அலகாபாத்தில் தேர்வு நடந்தது. நௌரோஜி 1917-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

1895 ஜூலைத் தேர்தலில் தோற்றார்.  ஆனால் தோற்பதற்குச் சில வாரம் முன்பே, இந்தியச் செலவுகளை ஆராயும் வெல்பி கமிஷனில் உறுப்பினராகியிருந்தார். அரச கமிஷன் பதவி தொகுதியோடு போவதில்லை. அதனால் தோற்ற பிறகும் அங்கே உட்கார்ந்து அதிகாரிகளைக் குடைந்தார், சாட்சியாகவும் ஆஜரானார். 1897-இல் நம் சுதேசமித்திரன் பத்திரிகை ஜி. சுப்பிரமணிய ஐயரும் போய்ச் சாட்சி சொன்னார். 1900-இல் அறிக்கை வந்தபோது பெரும்பான்மையோடு ஒத்துப்போகாமல், சக உறுப்பினர்கள் வெட்டர்பர்ன், கெய்ன் இருவரோடு சேர்ந்து தனி அறிக்கை கொடுத்தார் மனிதர்.

கமிஷன் சாட்சியங்கள் எண் போட்ட கேள்வி பதிலாக அச்சாகியிருக்கின்றன. பேத்தி அதிலிருந்தே தொடங்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்