பணம் கட்டும் முன் கண்ணைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கான உங்கள் பக்கத்தில் விமானி ஆவது பற்றி எழுதியிருந்தீர்கள். 200 மணி நேரம் பறந்தால் வணிக விமானி உரிமம், வெளிநாட்டில் சீக்கிரம் முடிக்கலாம், எல்லாம் சரி. எதை முதலில் செய்ய வேண்டும் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. நான் விமானி இல்லை. ஜொகன்னஸ்பர்க் பக்கத்தில் ஜெர்மிஸ்டனில் இருக்கிறேன், ரேண்ட் விமான நிலையத்துக்குப் பக்கம்தான். இங்கே பறக்கக் கற்றுக்கொள்ள வரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏழெட்டு வருடமாகச் சமைத்துப் போடுகிறேன், சோறு போடும்போது கேட்ட கதைகளை வைத்துத்தான் எழுதுகிறேன்.

தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். அப்பா வயலை அடகு வைத்து முழுப் பணத்தையும் கட்டி அனுப்பியிருந்தார். வந்த இரண்டாவது வாரம், வணிக விமானிக்கு வேண்டிய 'முதல் வகுப்பு' மருத்துவப் பரிசோதனைக்குப் போனான். புள்ளி புள்ளியாக ஒரு படத்தைக் காட்டி உள்ளே என்ன எண் என்று கேட்பார்களே, பாதிப் பக்கத்தில் அவனுக்கு எண்ணே தெரியவில்லை. சிவப்பு, பச்சை பேதம் சரியாகத் தெரியாத கண். பத்தொன்பது வயது வரை அவனுக்கே அது தெரியாது, பிறவியிலிருந்தே அப்படித்தான் பார்த்திருக்கிறான், வித்தியாசம் எப்படித் தெரியும்? அடுத்து வைத்த பரிசோதனையிலும் தேறவில்லை. கட்டிய பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை, ஒப்பந்தத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று பள்ளியில் கையை விரித்துவிட்டார்கள்.

இந்தியாவில் வேலை பார்க்க நினைக்கிற பிள்ளைக்கு, அங்கே விமானி உரிமம் கொடுக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் முதல் வகுப்பு மருத்துவச் சான்று எப்படியும் வேண்டும். முதலில் இரண்டாம் வகுப்பு, அப்புறம் முதல் வகுப்பு. பெங்களூரில் விமானப்படையின் மருத்துவ நிலையம் இருக்கிறது, தென்காசியிலிருந்து ஒரு ராத்திரிப் பயணம். அதை முடித்துக் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் ஏஜெண்டிடம் பேசினால் என்ன? டிஜிசிஏ பரீட்சைகளையும் அப்படியே ஊரிலேயே எழுதிவிட்டு வருவது நல்லது. இங்கே வாங்கும் உரிமத்தை இந்திய உரிமமாக மாற்றும்போது அதை எழுதாமல் விடமாட்டார்கள்.

இன்னொன்று, மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள். ஆனால் பயிற்சி விமானம் 100 மணி நேரம் பறந்ததும் சோதனைக்குப் போய்விடும், உதிரிபாகம் வரவில்லை என்றால் அங்கேயே நிற்கும். சொல்லிக்கொடுக்கிறவர்களில் பலபேர் பெரிய விமான உரிமத்துக்கான 1,500 மணி நேரத்தைச் சேர்க்கத்தான் அந்த வேலையில் இருக்கிறார்கள், விமான நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தால் அடுத்த மாதம் இருக்கமாட்டார்கள். இப்படி நாள் கடந்துகொண்டே போக, வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மட்டும் நிற்காமல் ஓடும் (என் சாப்பாடு மலிவுதான், இருந்தாலும் சொல்கிறேன்). பறந்த மணிக்கு மட்டும் பணம் என்று ஒத்துக்கொள்கிற இடமாகத் தேடுங்கள்.

வானிலையையும் ஏஜெண்டுகள் சொல்வதில்லை. இங்கே அக்டோபரிலிருந்து மார்ச் வரை கோடை. மத்தியானம் மூன்று மணி ஆனால் இடியும் ஆலங்கட்டி மழையும், அன்றைய பறப்பு அவ்வளவுதான். ஊரே 5,500 அடி உயரத்தில் இருக்கிறது, அதோடு 30 டிகிரி வெயிலும் சேர்ந்தால் காற்று 8,500 அடி உயரத்தில் இருப்பதுபோல மெலிந்துவிடும். சின்ன செஸ்னா பயிற்சி விமானம் ஓடுபாதையில் முனகிக்கொண்டே எழும்பும். பையன்கள் முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஏப்ரல் வாக்கில் வந்தால் மே முதல் ஆகஸ்ட் வரை வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கும், மளமளவென்று மணி சேரும். குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே படித்து முடித்து, ஊரில் நல்லபடியாகப் பறந்துகொண்டிருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடுத்த வருடம் அந்தப் பக்கத்தைப் போடும்போது மருத்துவப் பரிசோதனையை முதல் வரியாகப் போடுங்கள். பயிற்சிப் பள்ளி விளம்பரம் அதற்குக் கீழே வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜெர்மிஸ்டன், தென்னாப்பிரிக்கா