வலது பக்கம் பேசாத கதை

அன்புள்ள முரளிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்த போதெல்லாம் மேஜையில் இடமில்லை. அங்கே படுத்துக் கிடந்தது உனக்குத் தெரிந்த ஆள்தான். நாம் இரண்டு பேரும் மூச்சு வாங்க மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏறுவோமே, அந்த வால்வு பவர் ஆம்ப், கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஸ்பீக்கரை முழங்க வைக்கும் பெட்டி. வலது சானல் ஊமையாகிவிட்டது. இடது பக்கம் வழக்கம்போல முழங்குகிறது. வலது ஸ்பீக்கரில் காதை வைத்தால் மெல்லிய ஹம் மட்டும்.

முதலில் சுலபமான வேலைகள். உள்ளே வரும் ஒயர்களை இடம் மாற்றினேன், ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றினேன். கோளாறு வலது பக்கத்தை விட்டு நகரவில்லை. பிறகு ஆம்பை அணைத்து, சூடு ஆறியதும் வால்வுகளை மாற்றினேன். ஸ்பீக்கருக்கு வலுக் கொடுக்கும் நான்கு ஈஎல்34 வால்வுகளையும் பக்கம் மாற்றி, சிக்னலை இரண்டாகப் பிரித்து அவற்றுக்குக் கொடுக்கும் இரண்டு சிறிய ஈசிசி83 வால்வுகளையும் (பக்கத்துக்கு ஒன்று) மாற்றிப் போட்டேன். அப்போதும் அதே மௌனம். "வால்வு எல்லாம் நல்லது, உள்ளேதான் சங்கதி" என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். பாதி சரி.

மூடியைத் திறப்பதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன், நீயும் உன் ஆம்பைத் திறக்கப் போவதாக எழுதியிருக்கிறாய் அல்லவா. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று நினைக்காதே. 450 வோல்ட்டில் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 10 ஜூல் வரை பிடித்து வைத்திருக்கும், அது எத்தனை நேரம் இருக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காது. 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை காப்பிட்ட கிளிப்போடு வைத்து ஐந்தாறு நொடி வடியவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகுதான் கையை உள்ளே விடு. ஆன் செய்து அளக்கும்போது இடது கை பாக்கெட்டில். ஸ்பீக்கரோ, அதற்குப் பதிலாக மாட்டும் ரெசிஸ்டரோ (டம்மி லோடு) இல்லாமல் ஆன் செய்யவே கூடாது.

எனக்கு உள்ளூர இருந்த பயம், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். அது போயிருந்தால் கதை முடிந்தது. கரண்ட் இல்லாமல் முதலில் அதைத்தான் அளந்தேன்: வால்வுப் பக்கச் சுருளின் நடு முனையிலிருந்து (நடு டேப்) ஒரு பக்கம் 46 ஓம், மறுபக்கம் 51. வெளிச்சுற்றில் கம்பி நீளம் கூட, அதனால் இந்த வித்தியாசம் சகஜம்தான். மூச்சு விட்டேன்.

பிறகு கரண்ட் கொடுத்து வோல்ட் அளக்க உட்கார்ந்தேன். ஸ்டீரியோ ஆம்பில் இது எவ்வளவு பெரிய வசதி தெரியுமா? சர்க்யூட் படம் கிடைக்காவிட்டால்கூட, ஓடுகிற பக்கமே படம். காகிதத்தை நடுவில் மடித்து, ஒவ்வொரு புள்ளியையும் இடது, வலது என்று எழுதிக்கொண்டே போனேன். ஈஎல்34 மூன்றாவது பின், அதாவது கரண்ட் இழுக்கும் ஆனோடு முனை, இரண்டு பக்கமும் 450 வோல்ட். நான்காவது பின், ஸ்கிரீன் என்கிற உள்வலை, அதுவும் இரண்டு பக்கமும் ஒன்றே. ஐந்தாவது பின்னில் பயாஸ், அதாவது வால்வை அடக்கி வைக்கும் வோல்ட், மைனஸ் 38. கேத்தோடில் (எலக்ட்ரான் கிளம்பும் முனை) உள்ள 1 ஓம் ரெசிஸ்டரில் 34, 35 மில்லிவோல்ட், அதாவது அத்தனை மில்லிஆம்ப். வால்வுகள் உழைக்கத் தயாராக நிற்கின்றன, வேலைதான் வரவில்லை.

ஈசிசி83க்கு வந்தபோதுதான் பக்கங்கள் பிரிந்தன. இடதில் 1, 6 பின்களில், அதாவது அதன் இரண்டு ஆனோடுகளில், 230 வோல்ட் சுமார். வலதில் இரண்டிலும் 330, சப்ளை வோல்ட்டேஜ் அப்படியே. ஆனோடுக்குச் சப்ளை வரும் ரெசிஸ்டரில் ஒரு துளி வோல்ட் விழவில்லை என்றால், அந்த வால்வு கரண்டே இழுக்கவில்லை. கேத்தோடு பாதை அறுந்திருக்கும் என்று ரெசிஸ்டர்களைத் துருவ ஆரம்பித்தேன். (நிறக்கோடு படிக்கக் கண்ணாடியோடு பூதக்கண்ணாடியும் வேண்டியிருக்கிறது. பழுப்பும் சிவப்பும் எனக்கு இப்போது ஒரே குடும்பம்.) எல்லாம் நன்றாக இருந்தன. வால்வைச் சூடாக்கும் இழை, ஹீட்டர்? சாக்கெட் அடியில் 6.3 வோல்ட், சரியாக.

இரண்டாம் நாள் இரவு, சலிப்பில் அந்த வால்வின் தகர மூடியைக் கழற்றி, கண்ணாடியை விரலால் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. அரை மணி நேரமாக ஆன் செய்து வைத்த வால்வு!

சாக்கெட்டில் ஒன்பதாவது பின்னுக்குரிய கிளிப், ஹீட்டருக்குக் கரண்ட் போகும் வழி, அகன்றுபோயிருந்தது. அடியில் ஒயர் பற்றவைத்த லக்கில் வோல்ட் இருக்கிறது, வால்வின் காலைத்தான் பிடிக்கவில்லை. எந்த வால்வைப் போட்டாலும் அங்கே குளிர்ந்துதான் கிடக்கும். மாற்றிப் பார்த்த சோதனையை நம்பி நான் சாக்கெட்டை விட்டுவிட்டேன். ஹீட்டர் சிவப்பாக ஒளிரவில்லை என்பதைத் தகர மூடி மறைத்ததில் கண்ணும் ஏமாந்தது. கடந்த சில மாதங்களாக அந்தப் பக்கம் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது வேறு. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஆம்பை அணைத்து, வடியவிட்டு, தையல் ஊசியால் கிளிப்பை நெருக்கினேன். வால்வைச் செருகியபோது விரலுக்கு இறுக்கம் தெரிந்தது. மீட்டரை ஆறாவது பின்னில் மாட்டிவிட்டு ஆன் செய்தேன். 330... 330... பத்து, பன்னிரண்டு நொடியில் எண் சரிய ஆரம்பித்தது. 300, 260, 228 என்று வந்து நின்றது.

உன் மோதிர விரல் வலி இப்போது எப்படி? மருத்துவர் சொன்ன ஓய்வை எடு, பிறகு கிட்டாருக்கு 9ல் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு) தொடங்கும் மெல்லிய கம்பி போட்டுப் பார். எட்டு வருடமாக அலமாரியில் தூங்கும் உன் ஆம்பை நேராக மெயினில் செருகிவிடாதே. கரண்ட் அளவுக்கு மீறாமலிருக்கத் தொடராக ஒரு குண்டு பல்பைப் போட்டுத்தான் எழுப்ப வேண்டும், அதையும் நான் வந்த பிறகு செய்வோம். அதுவரை திருப்புளியைத் தொடாதே.

அன்புடன்,
சேகர்