தலையோடு சேர்ந்து சுற்றும் அருவி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினிக் காட்சிகளைக் கண்முன் காட்டும், தலையில் அணியும் விரிவாக்க மெய்ம்மை (XR) ஹெட்செட்டுகள் குறித்துத் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். திரையின் துல்லியம், எடை, பேட்டரி, விலை என அனைத்தையும் விரிவாக அலசிய கட்டுரையாளர், ஒலியைப் பற்றி மட்டும் ‘ஸ்பேஷியல் ஆடியோ வசதி உண்டு’, அதாவது நம்மைச் சுற்றியுள்ள அந்தந்த இடத்திலிருந்தே ஒலி வருவதுபோல் கேட்கும் வசதி உண்டு, என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டார். ஒலிப்பதிவுக் கூடத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், அந்த ஒரு வரி போதாது என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

அண்மையில் ஒரு கண்காட்சி அரங்கில் அத்தகைய ஹெட்செட் ஒன்றை அணிந்து பார்த்தேன். வலப்புறம் ஓர் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சலும் வலக்காதில் கேட்டது. அருவியை நேராகப் பார்க்கலாமென்று வலப்பக்கம் திரும்பினேன். காட்சி கண்முன் வந்து நின்றது, இரைச்சலோ வலக்காதை விட்டு அசையவில்லை. அங்கிருந்த இளைஞரிடம் இதைச் சொன்னபோது, “ஸ்டீரியோ நல்லாத்தானே சார் இருக்கு?” என்றார். ஸ்டீரியோ நன்றாகத்தான் இருந்தது. அருவிதான் என் தலையோடு சேர்ந்து சுற்றியது.

பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி அருகிலுள்ள காதை முதலில் எட்டி, அதிகபட்சம் 0.6 அல்லது 0.7 மில்லி விநாடி கழித்து மறு காதை எட்டுகிறது. இடையில் தலை மறிப்பதால் அந்தக் காதில், குறிப்பாக உயர் அதிர்வெண்களில், சற்றுக் குறைந்தும் கேட்கிறது. 1907-ல் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு விளக்கிய இவ்விரு வேறுபாடுகளை வைத்துத்தான் மூளை இடம் வலம் பிரித்தறிகிறது. நேர் முன்னாலிருந்தும் நேர் பின்னாலிருந்தும் வரும் ஒலிகளிலோ இவ்வேறுபாடு ஏறக்குறைய இல்லை. காது மடலின் மடிப்புகள் ஓரளவு துப்புக் கொடுக்கும். மீதிச் சந்தேகத்தை நாம் தலையை அசைத்தே தீர்த்துக்கொள்கிறோம். தலையைச் சற்று இடப்பக்கம் திருப்பும்போது, ஒலி முன்னே இருந்தால் வலக்காதுக்கும், பின்னே இருந்தால் இடக்காதுக்கும் முந்தி வரும். இதை உளவியலாளர் ஹான்ஸ் வாலக் 1940-லேயே ஆய்ந்து எழுதிவிட்டார். ஹெட்போன் தலையோடு சேர்ந்தே திரும்பும் பொருள் என்பதால், சென்சார் தலையின் திசையை அளந்து, ஒவ்வொரு கணமும் ஒலியை எதிர்த்திசையில் நகர்த்தித் தந்தாலொழிய, இந்தத் துப்பு முழுவதும் பறிபோகிறது. சராசரிக் காது ஒன்றின் அளவை வைத்தே பல கருவிகள் ஒலியைக் கணக்கிடுகின்றன. என் காது மடலோ தங்கள் காது மடலோ அந்தச் சராசரிக்குப் பொருந்தாதபோது ஏற்படும் குறையைக் கூடத் தலையசைவு பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது.

திரும்புவது ஒன்று, நடப்பது வேறு. விளம்பரங்கள் இவ்விரண்டையும் ‘ஸ்பேஷியல் ஆடியோ’ என்ற ஒரே பெயரால் அழைப்பதுதான் என் முதன்மையான குறை. 1970-களில் இங்கிலாந்தில் மைக்கேல் கெர்சன் முதலியோர் உருவாக்கிய ஆம்பிசோனிக்ஸ் முறையில், ஓரிடத்தில் நாற்புறமும் மேலும் கீழும் சூழ்ந்த ஒலியை நான்கே சேனல்களில் பதியலாம். அவ்வாறு பதிந்ததைக் கேட்பவரின் தலைக்கேற்பச் சுழற்றுவது எளிய கணக்கு. ஆனால் அந்தப் பதிவு மைக் நின்ற ஒரு புள்ளிக்கே உரியது. கேட்பவர் வயலின்காரரை நோக்கி மூன்றடி எடுத்து வைத்தால், அந்தப் புதிய இடத்தில் எப்படிக் கேட்டிருக்கும் என்பது பதிவில் நேரடியாக இல்லை. அதற்கு ஒவ்வோர் ஒலிமூலத்தையும் தனித்தனியே வைத்திருந்து, தொலைவைக் கணக்கிட்டு, திறந்தவெளியில் தொலைவு பாதியானால் 6 டெசிபெல் கூடும் என்பதை மட்டுமல்லாமல், சுவர்களிலிருந்து எதிரொலிப்பது எவ்வளவு, கதவுக்கு அப்பால் சென்றால் மங்குவது எவ்வளவு என்பதையும் அடிக்கு அடி மாற்ற வேண்டும். ஒலியளவை மட்டும் கூட்டிவிட்டு எதிரொலியை அப்படியே விட்டுவிட்டால், வாத்தியம் நெருங்கி வந்ததாகத் தோன்றாது; யாரோ வால்யூமைத் திருகியதாகவே தோன்றும். ஒலி, காணொளிப் பதிவுகளுக்குத் தரநிலை வகுக்கும் பன்னாட்டு எம்பெக் (MPEG) குழுவும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே, 2015-ல் வந்த எம்பெக்-எச் தரநிலைக்குப் பிறகு, நடக்கும் கேட்பவருக்கென எம்பெக்-ஐ வரிசையில் தனித் தரநிலை வகுத்தது.

தாமதமும் கவனிக்கத்தக்கது. தலை திரும்பி ஏறத்தாழ 60 முதல் 80 மில்லி விநாடிக்குள் ஒலி இடம் மாறாவிட்டால் பலர் அதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். சாதாரண புளூடூத் இணைப்பிலோ தாமதம் பெரும்பாலும் 100 மில்லி விநாடியைத் தாண்டிவிடுகிறது. விலையுயர்ந்த ஹெட்செட்டில் மலிவான புளூடூத் இயர்போனைச் சேர்ப்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

இதெல்லாம் விளையாட்டுப் பிரியர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. பார்வையற்றோர் தெருவில் திசையறிய மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட சவுண்ட்ஸ்கேப் என்ற செயலி, செல்லவேண்டிய இடத்திலிருந்தே ஓசை வருவதுபோல் காதில் ஒலிக்கச் செய்தது. தலையின் திசையை உணரும் ஹெட்போன் இல்லாதபோது அது கைபேசியின் திசையைத்தான் நம்ப வேண்டியிருந்தது. கைபேசி ஒருபக்கமும் முகம் ஒருபக்கமும் இருந்தால் ஓசை காட்டும் வழியும் பிசகும். அந்தச் செயலியை நிறுவனம் 2023-ல் நிறுத்திக்கொண்டாலும் அதன் மூல நிரலைப் பொதுவில் வைத்தது பாராட்டத்தக்கது.

ஆகவே, இனி இத்தகைய கருவிகளை மதிப்பிடும் தங்கள் செய்தியாளர்கள் இரண்டு சோதனைகளைச் செய்து முடிவை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு தலையைத் திருப்பும்போது ஒலி இருந்த இடத்திலேயே நிற்கிறதா என்பது முதலாவது. அதை நோக்கி நான்கடி நடந்து, அதைக் கடந்தும் சென்றால், ஒலி முதுகுக்குப் பின்னால் போகிறதா என்பது இரண்டாவது. இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நாற்காலிகளை ஓரமாக நகர்த்தி வைத்த ஓர் அறை போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர் ஒருவர்,
மதுரை.