சிலிண்டர் மாட்டுவது எப்படி என்று எழுதச் சொன்னோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அக்கா மகள் பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். உங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தை வாராவாரம் வெட்டி எடுத்து வைக்கிறாள். வங்கித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி, ஐடி என்று எல்லாவற்றுக்கும் அதில் வழி சொல்கிறீர்கள். டெக்னிக்கல் ரைட்டர் என்று ஒரு வேலை இருப்பதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை. நான் 14 வருஷமாகச் சென்னையில் அந்த வேலையில்தான் இருக்கிறேன், ஆறேழு வருஷமாகப் புதிதாக வருகிறவர்களை இன்டர்வியூ செய்கிற பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். கல்லூரி முடித்த பிள்ளைகள் தப்பான பாடத்தைப் படித்துவிட்டு வந்து நிற்பதைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

போனில் ஏதோ ஒரு ஆப்பில் ‘உதவி’ என்று தட்டினால் ஒரு பக்கம் வருகிறதே, வாஷிங் மெஷினோடு ஒரு புத்தகம் வருகிறதே, அதெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியதுதான். அதுதான் இந்த வேலை. இதற்கு இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டும் என்பதில்லை, நான் பி.எஸ்சி. இயற்பியல்.

வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் இதை ஆங்கிலப் பரீட்சை என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இலக்கணப் புத்தகம், கஷ்டமான வார்த்தைகளின் பட்டியல், மனப்பாடம் செய்த சுய அறிமுகம். போன முறை நாங்கள் வைத்த எழுத்துத் தேர்வைச் சொல்கிறேன். அரை மணி நேரம், ஒரே கேள்வி. வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது, இதுவரை சிலிண்டரைத் தொட்டே பார்க்காத ஒருவர் புதுசை மாட்டுவதற்கு வழி எழுதிக் கொடுங்கள்.

ஒரு பெண், சரளமான ஆங்கிலம், ஒரு பிழை கிடையாது. இந்தியக் குடும்பங்களில் சமையல் எரிவாயுவின் முக்கியத்துவம் பற்றி முதல் பத்தி. ஆறாவது படியில் ரெகுலேட்டரைத் திறக்கச் சொல்லிவிட்டு, அதற்கு முன் அடுப்புத் திருகுகள் மூடியிருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும் என ஏழாவது படியில் எழுதியிருந்தார். படித்துக்கொண்டே செய்கிறவர் ஏழுக்கு வருவதற்குள் ஆறைச் செய்து முடித்திருப்பார், சார்!

இன்னொரு பையன், அரசுக் கல்லூரி, பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் வழி. எழுத ஆரம்பிக்கும் முன் கையைத் தூக்கி, “படிக்கப் போகிறவருக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரியும்?” என்று கேட்டார். நாங்கள் காத்துக்கொண்டிருந்த கேள்வி அதுதான். அவர் எழுதிய முதல் வரி, அடுப்புத் திருகுகளை மூடு, அந்த அறையில் சாமி விளக்கு எரிந்தால் அணை. அப்புறம் நூலைப் பிடித்து இழுத்து மூடியை எடு, உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறதா பார், இல்லையென்றால் அந்த சிலிண்டரை மாட்டாதே, ஏஜென்சிக்குச் சொல். மாட்டி முடித்ததும் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார், தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது. இரண்டு இடத்தில் இலக்கணம் தவறியிருந்தது, அதை ஒரு ரிவியூவில் திருத்திவிடலாம். ஆபத்தான வேலைக்கு முன்னால்தான் எச்சரிக்கை வர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அதை எத்தனை ரிவியூவில் சொல்லிக் கொடுப்பது? அவரைத்தான் எடுத்தோம்.

தமிழ் வழியில் படித்ததால் இந்தப் பக்கம் வரப் பயப்படும் பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விமானப் பராமரிப்புக் கையேடுகளை எழுதுவதற்கென்றே எளிமைப்படுத்திய ஆங்கிலம் ஒன்று இருக்கிறது, ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்று பெயர். செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது, விளக்கும் வாக்கியம் 25-ஐத் தாண்டக் கூடாது, ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். படிக்கிற மெக்கானிக்குகளில் நிறையப் பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்பதால் வந்த விதிகள் இவை. அலங்கார ஆங்கிலத்துக்கு இந்தத் தொழிலில் வேலையே இல்லை.

சரி, என்ன படிப்பது? எப்படி எழுத வேண்டும் என்ற விதிகளைத் தொகுத்த மைக்ரோசாஃப்ட்டின் ஸ்டைல் கைடும், மென்பொருள் உருவாக்கும் டெவலப்பர்களுக்கான ஆவணங்களுக்கு கூகுள் வைத்திருக்கும் ஸ்டைல் கைடும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, கூகுள் டெக்னிக்கல் ரைட்டிங் பாடமும் இலவசமாக நடத்துகிறது. மனப்பாடம் வேண்டாம். ஒவ்வொரு விதியும் ஏன் என்று யோசித்தால் போதும். நிபந்தனையை முதலில் சொல், செயலை அப்புறம் சொல் என்று கூகுள் சொல்கிறது. ‘அழிக்க வேண்டுமானால் இதை அழுத்தவும்’ என்று எழுதினால் அழிக்க வேண்டாதவர் அங்கேயே நின்றுவிடுவார், ‘இதை அழுத்தவும், அழிக்க வேண்டுமானால்’ என்று எழுதினால் அதற்குள் விரல் அழுத்தியிருக்கும். இந்த ஒரு காரணத்தைச் சொந்த வார்த்தையில் சொல்கிற ஃப்ரெஷரை எனக்கு உடனே பிடித்துவிடும்.

டூல்ஸ் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். அக்கா மகளின் தோழி ஒருத்தி ஒரு பயிற்சி மையத்தில் 40,000 ரூபாய் கட்டி கையேடு தயாரிக்கும் மென்பொருள்களான ஃப்ரேம்மேக்கரும் மேட்கேப் ஃப்ளேரும் கற்றுக்கொண்டாள், அவள் அப்பா நகையை அடகு வைத்த பணம் அது. எங்கே எதைத் தட்ட வேண்டும் என்பதெல்லாம் தெரிகிறது, எழுதிய ஒரு பக்கம் காட்டச் சொன்னால் கையில் எதுவும் இல்லை. டூல் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். முன்கூட்டியே தெரிய வேண்டுமென்றால் எளிய குறிகளைப் போட்டு எழுத்தை வடிவமைக்கும் மார்க்டவுனும், ஃபைலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளும் பழகுங்கள், இரண்டுக்கும் காசு கிடையாது. ஆவணத்தைத் தனித்தனித் தலைப்புகளாகப் பிரித்து எழுதும் முறையான டிட்டா (DITA) பற்றிக் கேட்டால், விளக்கம், செய்முறை, குறிப்புத் தகவல் என்று மூன்றையும் ஏன் தனித்தனியாக எழுதுகிறார்கள் என்பதைச் சொல்லத் தெரிந்தால் ஃப்ரெஷருக்கு அது போதும்.

கையில் இரண்டு மூன்று சாம்பிள் இருக்கட்டும். இலவச ஆபீஸ் மென்பொருளான லிப்ரே ஆபீஸின் கையேடுகளைத் தன்னார்வலர்கள்தான் எழுதுகிறார்கள், அங்கே போய் ஒரு பக்கத்தைத் திருத்திக் கொடுக்கலாம். முன்பு என்ன இருந்தது, நீங்கள் என்ன மாற்றினீர்கள், ஏன், இந்த மூன்றும் இருக்கும் ஒரு பக்கம் பத்து சான்றிதழுக்குச் சமம். இன்டர்ன்ஷிப் செய்த கம்பெனியின் உள் ஆவணத்தை மட்டும் எடுத்து வந்து காட்டாதீர்கள், அங்கிருந்து எடுத்து வந்தவர் நாளைக்கு எங்கள் ஆவணத்தையும் எடுத்துப் போவார் என்றுதான் எதிரில் இருப்பவருக்குத் தோன்றும்.

கட்டாயம் வரும் ஒரு கேள்வி, டெவலப்பர் பதிலே சொல்லவில்லை, நாளை மறுநாள் ரிலீஸ், என்ன செய்வீர்கள்? “மறுபடியும் மெயில் போடுவேன்” என்பார்கள். நானே அந்த மென்பொருளைப் போட்டுப் பார்த்து, புரிந்தவரைக்கும் எழுதி, சந்தேகமான இடங்களைக் குறித்துக்கொண்டு, அவர் சீட்டுக்கே போய்ப் பத்து நிமிஷம் கேட்பேன் என்பதுதான் நிஜத்தில் நடக்கிற காரியம். வெறும் கேள்விக்குப் பதில் சொல்லச் சோம்பல்படுகிறவர்கூடத் தப்பாக எழுதியதைக் கண்டால் உடனே திருத்துவார்.

ஏஐ பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் ஆபீஸில் ஃப்ரெஷர்களை முன்பைவிடக் குறைவாகத்தான் எடுக்கிறோம். சாட்ஜிபிடி எழுதிய சாம்பிளோடு வந்தால், இந்த வரி ஏன் இங்கே என்ற இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது. நாங்களே இப்போது ஏஐ எழுதிய பக்கம் ஒன்றைக் கொடுத்துத் தப்பு கண்டுபிடிக்கச் சொல்கிறோம். அதில் ஆப்பில் இல்லவே இல்லாத ஒரு பட்டன் இருக்கும். ஆப்பைத் திறந்து பார்த்தவர் மட்டும்தான் அதைப் பிடிப்பார்.

இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று நீங்கள் அரைப்பக்கம் போட்டாலும் திருநெல்வேலியிலும் தர்மபுரியிலும் இருக்கிற பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். விவரம் வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன்.

அக்கா மகளுக்கு வருகிற வியாழக்கிழமை இன்டர்வியூ. வீட்டில் இருக்கும் பிபி மெஷினுக்கு இரண்டு பக்கத்தில் வழிகாட்டி எழுதியிருக்கிறாள். முதலில் தமிழில் எழுதி என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வாயே திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். ‘பட்டையைக் கையில் சுற்றவும்’ என்ற வரியைப் படித்துவிட்டு அம்மா அதை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார், மெஷின் எர்ரர் காட்டியது. இப்போது அந்த வரி ‘முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, குழாய் உள்ளங்கைப் பக்கமாக இறங்கும்படி சுற்றவும்’ என்று இருக்கிறது. பழைய வரி, புது வரி இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதி ஃபைலில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு டெக்னிக்கல் ரைட்டர்,
மேடவாக்கம், சென்னை.