மாருதி ஆம்னி, ஈகோ வேன்ல லோடு ஏத்துற மைக் செட், பந்தல், சமையல்கார அண்ணன் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஆடி வரப்போகுது, அம்மன் கோயில் கொடைத் திருவிழா, கூழ் ஊத்துறது, அது முடிஞ்ச கையோட விநாயகர் சதுர்த்தின்னு இனி உங்களுக்கும் எங்களுக்கும் தூக்கம் கிடையாது. நாங்க சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிற குடும்பம். முதல்ல ஒரு ஆம்னி வச்சிருந்தோம், இப்ப ஈகோ. அதனால வெளிய நின்னு குத்தம் சொல்ற ஆள் எழுதுறதா நினைக்காதீங்க, உங்க கூட ஒரே மண்டபத்து வாசல்ல சாமான் இறக்குற ஆளுதான் எழுதுறேன். கேக்கப்போறது ஒண்ணே ஒண்ணு. பின்னாடி லோடு இருந்தா பின்னாடி ஆள் வேண்டாம்.

இந்த வண்டியோட அருமை நமக்குத் தெரிஞ்ச அளவு வேற யாருக்கும் தெரியாதுங்க. 1984ல மாருதி வேன்னு வந்தது, அப்புறம் 1988ல ஆம்னின்னு பேர் மாறுச்சு, 796 சிசி இன்ஜின், மொத்த நீளமே 11 அடிதான், ஆனா அதுக்குள்ள என்னென்ன போயிருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. குழாய் ஸ்பீக்கர், ஜெனரேட்டர், பந்தல் துணி, சாமி சிலை, வாழைத்தார், கன்னுக்குட்டி, துக்க வீட்டுக்குப் போற ஃப்ரீஸர் பாக்ஸ் வரைக்கும். முன்னாடி மூக்கே இல்லாம இன்ஜின முன் சீட்டுக்கு அடியில வச்சதால பின்னாடி முழுக்க இடம், அதோட பக்கக் கதவு தள்ளுற கதவு, அதனால குறுகலான தெருவுல கூட செவுத்த ஒட்டி நிறுத்தி இறக்கலாம். குட்டி யானைன்னு சொல்ற மினி லாரி நுழையாத சந்துல எல்லாம் ஆம்னி நுழையும். எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போட்ட வண்டி.

ஆனா மூக்கு இல்லாததுதான் அதோட ஆபத்தும். இடிச்சா முன்னாடி இருக்கிறவன் முழங்காலுக்கும் எதுத்த வண்டிக்கும் நடுவுல ஒரு தகடுதான் இருக்கு. 2019 அக்டோபர்ல இருந்து எல்லா காருக்கும் மோதல் சோதனை விதி கட்டாயம்னு ஆனப்போ ஆம்னி அந்த வருஷமே நின்னுபோச்சு. 2010ல வந்த ஈகோ இன்னும் ஓடுது, ஆனா 2016ல குளோபல் என்கேப்னு கார இடிச்சுப் பாத்து பாதுகாப்புக்கு ஸ்டார் போடுற அமைப்போட டெஸ்ட்ல ஏர்பேக் இல்லாத ஈகோவுக்குக் கிடைச்சது ஜீரோ ஸ்டார். முன்னாடி நிலைமை இப்படின்னா பின்னாடி கட்டாத சாமான் என்ன பண்ணும்னு ஒரு கணக்கு சொல்றேன். 30 கிலோ ஆம்ப்ளிஃபையர் ராக் ஒண்ணு பின்னாடி இருக்குன்னு வைங்க, வண்டி 50 கிலோமீட்டர் வேகத்துல போய் எதுலயாவது மோதி அரை மீட்டர் தூரத்துக்குள்ள நின்னா அந்த ராக் கிட்டத்தட்ட 600 கிலோ பாரம் மாதிரி முன்னாடி வந்து அடிக்கும். நடுவுல ஒரு பையன் உக்காந்திருந்தா?

உக்காந்திருக்கான்ங்கிறதுதான் என் வயித்தெரிச்சல். ராத்திரி ஒரு மணிக்கு கச்சேரி முடிஞ்சு எல்லாத்தையும் ஏத்தி, பேஸ் பாக்ஸ் மேல ஜமுக்காளத்தப் போட்டு அதுமேல ரெண்டு பசங்க படுத்துத் தூங்கிட்டு வருவாங்க, தலைக்கும் கூரைக்கும் ஒரு சாண் இடைவெளி. காலேஜ் லீவுல செலவுக்குக் காசு சேக்க வந்த பசங்க அவங்க. எங்க தொழில்லயும் அதேதான், பாத்திரம் தேய்க்க வர்ற அக்காங்க அண்டாவுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவுல கால மடக்கி உக்காந்து வருவாங்க. பெல்ட் கிடையாது, பிடிக்கிறதுக்கு ஒரு கம்பி கிடையாது.

அடுத்தது புகை. நீளமான கம்பி, பேனர் ஃப்ரேம், மூங்கில் எல்லாம் ஏத்துனா பின் கதவு சாத்தாது, அப்படியே மேல தூக்கிக் கயித்துல கட்டிட்டு ஓட்டுறோம். ஓடுற வண்டிக்குப் பின்னாடி காத்து சுழலும், சைலன்ஸர்ல இருந்து வர்ற புகைய அது திறந்த கதவு வழியா உள்ள இழுக்கும். அதுல இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. தலை வலிக்கும், கண்ணு சொருகும், தூக்கம்னு நினைச்சுப்போம். பின்னாடி படுத்திருக்கிறவன் களைப்புல தூங்குறானா மயங்கிட்டானான்னு ஓட்டுறவருக்குத் தெரியவே தெரியாது. இதவிட மோசம், மழை வந்தா ஜெனரேட்டர வண்டிக்குள்ளயே வச்சு கதவத் திறந்துவிட்டு ஓட்டுறது. கதவு திறந்திருக்குல்லன்னு சொல்வீங்க, அது போதாதுங்க. ஜெனரேட்டர் வெளிய, ஆள் இல்லாத பக்கம், மேல தகரமோ தார்ப்பாயோ தள்ளிக் கட்டி இருக்கணும். பெட்ரோல் கேனையும் சிலிண்டரையும் ஒண்ணா ஏத்தவே கூடாது, ரெண்டுல இருந்து வர்ற ஆவியும் காத்தவிட கனம், தரையிலயே தங்கி நிக்கும், ஒரு பீடி போதும்.

எடை பத்தியும் சொல்லிடுறேன். நம்மாளுங்க இடம் இருக்கான்னுதான் பாப்பாங்க, எவ்வளவு கனம்னு பாக்க மாட்டாங்க. 20 லிட்டர் தண்ணி கேன் பத்து ஏத்துனா 200 கிலோ, 25 கிலோ அரிசிப் பை நாலுன்னா 100, அதுமேல சிலிண்டர், அண்டா, கரண்டி, டிரைவர். ஆர்சில அன்லேடன் வெயிட், அதாவது காலி வண்டியோட எடை போட்டிருக்கும், மேனுவல்ல லோடோட சேத்து இருக்கக்கூடிய மொத்த எடை இருக்கும், ரெண்டையும் கழிச்சா வர்றதுதான் ஆளும் சாமானும் சேந்து ஏத்தக்கூடிய அளவு. ஒரு தடவ கணக்குப் போட்டு டேஷ்போர்டுல எழுதி ஒட்டிடுங்க. சிலர் பின்னாடி எக்ஸ்ட்ரா ஸ்பிரிங் பட்டை போட்டு வண்டி இப்ப அமுங்கலன்னு பெருமையா சொல்றாங்க, பட்டை போட்டா வண்டி அமுங்காதுதான், பிரேக்கும் டயரும் பழசுதானே. அதேமாதிரி கனமான சாமான பின் கதவ ஒட்டி வைக்காதீங்க, முன் சக்கரத்துல பாரம் குறைஞ்சு ஸ்டியரிங் லேசாகிடும், வளைவுல சொன்ன பேச்சு கேக்காது. கனம் முன் சீட்டுக்குப் பின்னாடி தரையோட இருக்கணும், லேசானது மேல.

கட்டுறதுக்கு எங்க பெரிய மாஸ்டர் ஒரு முறை வச்சிருக்காரு, பாக்கவே அழகா இருக்கும். அண்டாவ ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி, நடுவுல ஈர சாக்கு வச்சு, கவுத்துப் போடுவாரு. பழைய டியூப அறுத்த பட்டையால ஒரு சுத்து, அதுமேல நைலான் கயிறு, கயித்துல ஒரு வளையம் போட்டு அதுக்குள்ள நுனிய விட்டு லாரிக்காரங்க மாதிரி இழுத்து இறுக்குவாரு. கயித்தோட ரெண்டு முனையும் போறது சீட்டு போல்ட் இருக்கிற இடத்துல மாட்டின ரெண்டு இரும்பு வளையத்துக்கு. பிளாஸ்டிக் கைப்பிடியில கட்டவே விடமாட்டாரு. கட்டி முடிச்சு தோளால ஒரு இடி இடிப்பாரு, அண்டா அசைஞ்சா அவிழ்த்துட்டு மறுபடி மொதல்ல இருந்து.

கேரியர்ல மெத்தை, பிளைவுட், கட்அவுட் ஏத்துறவங்க ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனா தயவுசெஞ்சு நிதானமா போங்க. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மா சொல்லல, அந்தக் காத்த நம்பித்தான் அங்க அத்தன காத்தாடி நட்டு வச்சிருக்காங்க. பொள்ளாச்சி, உடுமலை பக்கமும் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து சும்மா விடாது. லாரிய ஓவர்டேக் பண்ணி அதோட மறைவுல இருந்து வெளிய வர்ற அந்த நொடியில வண்டி ஒரு அடி தள்ளிப்போகும், 8க்கு 4 பலகை மேல இருந்தா இன்னும் மோசம்.

சட்டமும் இருக்குதான். அளவுக்கு மேல சாமான் வெளிய நீட்டிட்டு இருந்தா 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் 20,000 ரூபாய் அபராதம், இறக்குற செலவும் நம்ம தலையில. ஓன் போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்குன்னு பதிஞ்ச வண்டிய வாடகைக்கு ஓட்டி ஏதாவது ஆனா இன்சூரன்ஸ்காரன் கைய விரிப்பான். ஆனா அபராதத்துக்குப் பயந்து மாறச் சொல்லி நான் இத எழுதல.

இடைஞ்சல் எங்க இருக்குன்னு எனக்கும் தெரியும், வாடகை. கமிட்டிக்காரங்க ஆயிரம் ரெண்டாயிரம்னு குறைச்சுப் பேசுவாங்க, நாம மிச்சம் பிடிக்கிறது ஆள் போற செலவுல. அதனால உங்க ஊர் சங்கத்துல ஒரு முடிவு எடுங்க. ரசீதுல ஆள் போக்குவரத்துன்னு ஒரு வரி தனியா போடுங்க, பேரம் பேசுனா செட்டு வாடகையில பேசட்டும், அந்த வரியில கை வைக்க விடாதீங்க. ஒரு கடை மட்டும் கேட்டா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க, எல்லாரும் கேட்டா குடுத்துத்தான் ஆகணும். பகல்ல பொம்பளையாளுங்களுக்கு டவுன் பஸ்ல 2021ல இருந்து டிக்கெட்டே இல்ல, ராத்திரிதான் பிரச்சனை, அதுக்கு ஷேர் போட்டு ஒரு ஆட்டோ. எங்க குடும்பம் இந்த ஆடியில இருந்து அப்படித்தான் ரசீது போடப்போறோம். முதல் கொடைக்கு அட்வான்ஸ் வாங்குறதுக்கு முன்னாடியே உங்க சங்கத்துல இதப் பேசிடுங்க.

இப்படிக்கு,
உங்க கூடவே சாமான் இறக்குற ஒரு சமையல்காரன்