தமிழ் மணியைக் காணச் செல்வோர் கிஸ்போர்னுக்கும் செல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த நியூசிலாந்துப் பயணக் கட்டுரையில், வெலிங்டன் நகரின் தே பாபா தேசிய அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான தமிழ் மணியைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்து மகிழ்ந்தேன். ஃபாங்கரேய் பகுதியில், அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாகப் பயன்படுத்திய அந்த வெண்கல மணியை, 1836-இல் வில்லியம் கொலென்சோ என்ற மதபோதகர் ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து மாற்றிக்கொண்டதும், அது முகைதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்று தமிழெழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பதும் நம் வாசகர்கள் அறிய வேண்டிய செய்திகளே. ஆனால், அதே அருங்காட்சியகத்தின் மாவோரி மரபுச் செல்வங்களைக் கட்டுரையாளர் ‘பழங்குடியினரின் மரச்சிற்பங்கள்’ என்று ஒரு தொடரில் கடந்துவிட்டது எனக்கு வருத்தமளித்தது.

அவர் அவ்வாறு கடந்துசென்றவற்றுள் தே ஹாவ் கி தூராங்கா என்னும், குலத்தார் கூடுவதற்கான, பேரவை இல்லமும் அடங்கும். ரோங்கோஃபாகாத்தா குலத்தின் தலைவரும் தலைசிறந்த சிற்பியுமான ராஹாருஹி ருகுபோ, மறைந்த தம் சகோதரரின் நினைவாக 1840-களின் தொடக்கத்தில் எழுப்பிய இல்லம் அது. மாவோரி மரபில் இத்தகைய இல்லம் ஒரு மூதாதையரின் உடலாகவே கருதப்படுகிறது. அதன் முகட்டு உத்தரம் முதுகெலும்பு, சாய்ந்திறங்கும் கைமரங்கள் விலா எலும்புகள், உள்ளே நுழைபவர் அந்த முன்னோரின் நெஞ்சுக்குள் நுழைகிறார். 1867-இல் குடியேற்ற அரசின் அமைச்சர் ஒருவர் உத்தரவிட, குலத்தாரின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அவ்வில்லத்தைப் பிரித்து அரசுக் கப்பலில் ஏற்றி வெலிங்டனுக்குக் கொண்டுசென்றார்கள். ருகுபோ அதே ஆண்டு நாடாளுமன்றத்துக்கு முறையீடு அனுப்பியும் அது திரும்பவில்லை. அதன் உரிமை குலத்தாருக்கே மீள வேண்டும் என்பது அக்குலத்தாரின் வரலாற்றுக் குறைகளுக்கான 2012-ஆம் ஆண்டின் தீர்வுச் சட்டத்தில்தான் ஏற்கப்பட்டது. மணியாவது ஒரு சட்டிக்கு ஈடாகக் கைமாறியது. இல்லம் குலத்தாரின் எதிர்ப்பை மீறிப் பறிக்கப்பட்டது. இரண்டும் வந்து சேர்ந்த அருங்காட்சியகத்தைப் பற்றி எழுதுபவர் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடலாகாது என்பதே என் முறையீடு.

கடந்த ஆண்டு குடும்பத்துடன் அந்த இல்லத்தின் சொந்த மண்ணான, நியூசிலாந்து வடதீவின் கிழக்குக் கரையிலுள்ள கிஸ்போர்னுக்குச் சென்று, தாருஹேரு ஆற்றங்கரையில் உள்ள தைராஃபிட்டி அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். ஓவியமும் வட்டார வரலாறும் மாவோரி மரபும் ஒரே கூரையின் கீழ் உள்ள வட்டார அருங்காட்சியகம் அது. பெரிய கட்டடமன்று, அரைநாளில் சுற்றி வந்துவிடலாம். வளாகத்திலேயே 1872-இல் கட்டப்பட்ட வில்லி குடில் என்ற மரவீடு நிற்கிறது. 1912-இல் கைத்தி கடற்கரையில் தரைதட்டிய ‘ஸ்டார் ஆஃப் கனடா’ கப்பலின் மேல்தளக் கட்டுமானமும் அங்கே உள்ளது. உடைந்த கப்பலிலிருந்து அதைக் கழற்றி ஊருக்குள் இழுத்துவந்து நெடுங்காலம் வீடாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். என் பிள்ளைகள் அதைவிட்டு வர மறுத்தார்கள்.

ஆயினும் அவ்வூரின் வரலாற்றில் கனமான பகுதி 1769 அக்டோபரில் தொடங்குகிறது. ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் ‘எண்டவர்’ கப்பல் நங்கூரமிட்ட முதல் நாளிலேயே தே மாரோ என்ற தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களில் மேலும் பலர் மாண்டனர். வேண்டிய பொருள் எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லி அந்தச் செழிப்பான கரைக்கு குக் ‘வறுமை விரிகுடா’ என்று பெயரிட்டுச் சென்றார். அவர் கப்பல் வெளியேறும்போது படகுகளில் வந்த மக்கள், செவ்வண்ணச் சுருள்கோலங்கள் தீட்டிய துடுப்புகளைப் பண்டமாற்றாகக் கொடுத்தார்கள். ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குச் சென்று சேர்ந்த அத்துடுப்புகளில் சில, 250 ஆண்டுகளுக்குப் பின் 2019-இல் இதே தைராஃபிட்டி அருங்காட்சியகத்துக்கு இரவலாக வந்தன. தம் பாட்டன்மார் வண்ணம் தீட்டிய பொருளை இரவல் வாங்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது என்பதை எழுதும்போதே எனக்கு மனம் கசக்கிறது.

அருங்காட்சியகத்தை ஒட்டியே, இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய 28-ஆம் மாவோரிப் படைப்பிரிவின் ‘சி’ அணிக்கான நினைவு இல்லம் உள்ளது. கிஸ்போர்ன் முதல் கிழக்கு முனை வரையுள்ள ஊர்களிலிருந்து திரட்டப்பட்ட அணி அது. துனிசியாவில் 1943-இல் வீரமரணமடைந்து, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை பெற்ற தே மோவானநுய்-அ-கீவா ஙாரிமு அதைச் சேர்ந்தவர். சுவர் நிறைய இளைஞர்களின் படங்கள். நாங்கள் நின்றிருந்தபோது ஒரு மூதாட்டி உள்ளே வந்து, நேராக ஒரு படத்தின்முன் சென்று, அதனுடன் தம் மொழியில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். என் மகன் கையிலிருந்த கைப்பேசியைத் தானாகவே பைக்குள் வைத்துக்கொண்டான்.

மாவோரியர் இவற்றையெல்லாம் ‘தாவோங்கா’ என்கிறார்கள். வழிவழியாகக் காக்கப்படும் செல்வம் என்பது அதன் பொருள்; அதை உரிமையாளர்களின் உறவினரைப் போலவே நடத்துகிறார்கள். எனவே படமெடுக்குமுன் அனுமதி கேட்பதும், அவற்றின் அருகே உண்ணாதிருப்பதும் அங்கு வெறும் அலுவலக விதிகள் அல்ல என்பதைப் பயணக் கட்டுரைகள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். தங்கள் நாளிதழ் ‘பழங்குடியினரின் மரச்சிற்பங்கள்’ என்ற தொடரைத் திருத்தி, செதுக்கிய ருகுபோவின் பெயரையும் அவர் குலத்தின் பெயரையும் அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
ஹாமில்டன், நியூசிலாந்து.