வேலை ஒரு பிரச்சினையே இல்லையாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வந்த கட்டுரையில், உள்ளூர்க்காரரைக் கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு இங்கே வேலை ஒரு பிரச்சினையே இல்லை என்று ஒரு வரி. இரண்டு முறை படித்தேன். பிரச்சினையே இல்லாதவர்களில் நானும் ஒருத்தி.

2017ல் திருச்சியிலிருந்து மருமகளாகச் சிங்கப்பூரில் யீஷூனுக்கு வந்தேன். எம்.காம்., ஆடிட்டர் அலுவலகத்தில் நான்கு வருடம். கணவர் சிங்கப்பூரர், என் கையில் எல்டிவிபி என்ற நீண்டகால வருகை அட்டை. 2019ல் ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலைக்கு நேர்காணல். அட்டையைக் காட்டும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அந்த அம்மா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "எங்களுக்குக் கோட்டா முடிஞ்சிடுச்சேம்மா." சிங்கப்பூரர் மனைவிக்கு வெளிநாட்டு ஊழியர் கோட்டாவும் இல்லை, அவர்களுக்காக முதலாளி கட்டும் லெவியும் இல்லை, மனிதவள அமைச்சில் எல்ஓசி என்ற வேலை இசைவுக் கடிதத்துக்கு விண்ணப்பித்தால் போதும் என்றேன். "அப்படியா? கேட்டுச் சொல்றோம்." இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் போலும்.

எல்ஓசி தெரிந்த இடங்களில் வேறு கேள்வி: "பாஸ் எப்ப முடியுது?" என் முதல் பாஸ் ஒரே வருடத்துக்கு. எட்டு மாதம்தான் பாக்கி என்றதும் பேச்சு முடிந்துவிடும்.

2021 மே மாதம், இங்கே வேலை பார்க்கும் வெளிநாட்டவரின் குடும்பத்தினரான டிபெண்டன்ட் பாஸ்காரர்கள், வேலை செய்யத் தனி வேலை அனுமதி எடுக்கவேண்டும் என்று விதி மாறியது. அது வேறு பாஸ், அந்த மாற்றம் எங்கள் எல்ஓசியைத் தொடவில்லை. இது உங்களுக்குத் தெரியாததல்ல. முதலாளிகளுக்குத்தான் எல்லாப் பாஸும் ஒரே பாஸ்.

அப்புறம் தேக்காவில் ஒரு கடையில் கல்லாவில் உட்கார்ந்தேன். படித்த கணக்கு சில்லறை எண்ண உதவியது. இதற்கிடையில் உறவுக்காரர்கள் வாயிலிருந்து, "பிஆருக்காகத்தானே கட்டிக்கிட்டா". அந்தப் பிஆர், அதாவது நிரந்தரவாசத் தகுதி, இரண்டு முறை கேட்டும் கிடைக்கவில்லை என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

இங்கே குடிமக்கள் திருமணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, குடிமகன் அல்லாத ஒருவரோடு நடப்பது. இத்தனை மருமகள், மருமகன்கள் இருந்தும், உங்கள் பத்திரிகையிலிருந்து எனக்கு ஒரே ஒரு முறைதான் போன் வந்தது. தீபாவளி மலருக்கு முறுக்குச் செய்முறை கேட்டார்கள். மகிழ்ச்சியாகத்தான் கொடுத்தேன், அதைக் குறை சொல்லவில்லை.

அந்த வரிக்கு மறுப்பெல்லாம் வேண்டாம் சார். எல்ஓசி என்றால் என்ன, யார் விண்ணப்பிப்பது என்று, முதலாளிகள் படிக்கிற பக்கத்தில் நாலு வரியில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். இடம் இல்லையென்றால் முறுக்குக்குக் கொடுத்த இடத்தில் பாதி போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, யீஷூன்